ஆடு கடித்த பலாக்கன்று

கதையின் நடுவில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையை எங்கே சொன்னாலும் பாதியிலேயே ஒருவர், "அட, இதுகூடத் தெரியாதா" என்று விடை சொல்லக் கிளம்பிவிடுகிறார். தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்கட்டும்.

செங்காட்டுமேடு செம்மண் பூமி. மழை பெய்தால் கம்பும் மணிலாக்கடலையும் உண்டு, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. தை பிறந்ததும் சூளை மேஸ்திரி லாரியோடு வருவார். பாதி ஊர் ஏறிக்கொண்டு செங்கல் அறுக்கப் போகும், ஆனி கழிந்துதான் திரும்பும். இந்தப் பிழைப்பிலிருந்து மீள மகளிர் குழு ஒரு வழி கண்டது: வீட்டுக்கு ஐந்து பலாக்கன்று.

பக்கத்து ஊர் சபாபதியின் தோட்டத்துப் பலா சுற்று வட்டாரத்தில் பேர்போனது. குழுவினர் போய்க் கேட்டதும் அதிலிருந்து ஒட்டுக்குச்சிகளைச் சும்மாவே வெட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன். ஒரே நிபந்தனை: பழம் வளர்ப்பவருக்கு, ஆனால் அந்தக் கன்றுகள் மரமான பின் அவற்றில் குச்சி வெட்டி விற்கும் உரிமை அவருக்கு மட்டும்.

குழுவில் ஒட்டுக்கட்டத் தெரிந்தவள் பூங்காவனம். சந்தையில் சுளை விற்பவர்கள் ஒதுக்கிய கொட்டைகளை அள்ளிவந்து பைகளில் முளைக்க வைத்தாள். முளைத்த செடியின் தலையைச் சீவி, அதில் சபாபதியின் குச்சியைப் பொருத்திக் கட்டினாள். வேர் யாரோ தின்ற பழத்தினுடையது, மேலே வளர்வதும் காய்ப்பதும் சபாபதியின் பலா. ஒட்டு என்றால் இவ்வளவுதான், பயப்பட வேண்டாம். அவளும் ஒரு விதி வைத்தாள்: பட்டுப்போன கன்றுக்குப் பதில் புதுக் கன்று தருவாள், பட்டுப்போனது அவளுக்குச் சொந்தம்.

குழுவில் கொளஞ்சி என்று ஒருத்தி. அவள் வாங்கிய ஐந்தில் ஒன்றை அவளுடைய ஆடே கடித்துவிட்டது. பலா இலையைக் கண்டால் ஆடு சும்மா விடுமா? ஒட்டுக்கட்டிய குச்சி முழுவதும் அதன் வயிற்றுக்குள் போயிற்று. அடித்தண்டு மட்டும் ஒரு சாண் நின்றது. பூங்காவனம் வந்து பார்த்தபோது, ஒட்டுக்கு நாலு விரல் கீழே ஒரு துளிர் விட்டிருந்தது.

"இது காட்டுத் துளிரு. எந்தக் கொட்டையோ, என்ன காய்க்குமோ. புடுங்கிப் போட்டுட்டு இந்தப் புதுக் கன்ன வையி" என்றாள்.

"உசுரோட இருக்கறத எப்படிக்கா புடுங்கறது?"

"அப்படின்னா பொட்டு வச்சிக் கும்புடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொளஞ்சி புதுக் கன்றுக்கு வேறு குழி வெட்டினாள். பழையதையும் விடவில்லை. சூளையில் ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். இரண்டு கோடை அவள் போகாமல் ஊரிலேயே தங்கி, ஆறு கன்றுக்கும் தலைச்சுமையாகத் தண்ணீர் ஊற்றினாள். அவள் கணவன் அய்யாக்கண்ணு தம்பியை ஜோடி சேர்த்துக்கொண்டு போனான். ஊர் சிரித்தது. ஊருக்கென்ன, சிரிக்கும்.

ஐந்தாம் வருஷம் ஒட்டுப் பலா எல்லாம் காய்த்தது. ஆனால் சித்திரை வந்தால் எல்லார் வீட்டிலும் பலாதான், வாங்க ஆளில்லை. சூளை லாரி வருவது நிற்கவில்லை. கொளஞ்சியும் மறுபடி அதில் ஏறிப் போனாள்.

ஏழாம் வருஷம் கார்த்திகையில், சந்தையில் ஒரு பலாப்பிஞ்சுகூட இல்லாத நாளில், ஆடு கடித்த மரம் பழுத்தது. சுளையும் நல்ல சுளை. வியாபாரி வீடு தேடி வந்தார். மறு வருஷமும் அதே கார்த்திகையில் பழுத்தது. தோட்டக்கலை அதிகாரி வந்து தின்று பார்த்தார். "இதைத் தாய்மரமா பதிவு பண்றோம். வருஷா வருஷம் இதுலேர்ந்து ஒட்டுக்குச்சி வாங்கிக்கிறோம். உரியவர்னு ஒருத்தர் பேரை எழுதிக் குடுங்க" என்றார். யார் பேர் ஏறுகிறதோ அவருக்கு ஊரிலேயே பிழைப்பு. கொளஞ்சிக்குச் சூளையிலிருந்து தப்ப வேறு வழியே இல்லை.

குழு கூடியது.

"குச்சி வெட்டற உரிமை எனக்குன்னு பேசித்தானே குடுத்தேன்? ஆடு கடிச்சா பேச்சு மாறிடுமா?" என்றார் சபாபதி.

"கொட்டை நான் பொறுக்கினது. பட்டுப்போச்சுன்னு பதில் கன்னும் குடுத்துட்டேன். அப்ப பழசு என்னுதுதானே?" என்றாள் பூங்காவனம்.

கொளஞ்சிக்கு வாதாடத் தெரியாது. "தண்ணி ஊத்தினேன்" என்றாள். அதற்குள் அழுதுவிட்டாள்.

மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. குழுத்தலைவி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு விழித்தாள். இப்போது நீங்கள் வாயைத் திறக்கலாம்: அந்தத் தாளில் யார் பேரை எழுதுவது நியாயம்?

விடை: சபாபதி நிபந்தனை பேசியது தம்முடைய பலாவைப் பற்றி. அது ஆட்டோடு போயிற்று. இப்போது நிற்கும் மரத்தில் அவருடையது ஓர் இலைகூட இல்லை. பூங்காவனத்துக்குப் பழைய கன்றின்மேல் உரிமை இருந்தது உண்மை. அந்த உரிமையோடுதான் பிடுங்கிப் போடச் சொன்னாள். வேண்டாமென்று வீசச் சொன்னதைக் காய்த்த பிறகு கேட்க முடியாது. கொளஞ்சி பேரைத்தான் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டதும் அவள், "எனக்கு ஒட்டுக்கட்டத் தெரியாது. அக்கா கட்டட்டும், வர்றதுல பாதி அவங்களுக்கு. மொதக் கன்னு சபாபதி அண்ணனுக்கு" என்றாள்.

அந்தத் தையில் மேஸ்திரி வந்து, கொளஞ்சி வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினார்.

"இந்த வருஷம் வரலீங்க" என்றான் அய்யாக்கண்ணு.

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் நீங்க வாங்க. உங்களுக்கும் ரெண்டு கன்னு எடுத்து வைக்கச் சொல்றேன்."