பதினான்காம் ஆள்

"இந்தப் படிப்பே வேணாம் மேடம். நிறுத்திக்கிறேன்" என்றாள் பூங்கோதை.

சண்டை போடுகிறவர்களைச் சமாதானம் பண்ணுவது எப்படி என்று சொல்லித்தரும் முதுகலைப் படிப்பு அது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அப்புறம் சேர்ந்தவள். ஆசிரியை ஹெலன் அவளைவிட மூன்று வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னக்கா ஆச்சு?"

கடலோரத்தில் இரண்டு ஊர். ஒரு ஊரில் பெரிய வலை, இன்னொரு ஊரில் சின்ன வலை. அதனால் சண்டை. பூங்கோதை ஆறு மாதம் அலைந்து, இரண்டு பக்கமும் பேசி, சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள். அதையே ஆய்வாக எழுதினாள். நாடுகளின் பாதுகாப்பைப் பற்றி மேலே படிக்க வெளிநாட்டில் இடம் கேட்டிருந்தாள். ஹெலனின் சிபாரிசுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

நேற்று கடலில் மறுபடி அடிதடி. ஒருவர் செத்துப்போனார்.

"யாரு?"

"என் ஆய்வுக்காகப் பேட்டி எடுத்தவங்கள்ல பதினாலாவது ஆளு."

"பேரு?"

பூங்கோதைக்குப் பேர் தெரியவில்லை.

"பேருக்குப் பதிலா நம்பர் போடச் சொன்னது நீங்கதான மேடம்."

"பேரை மறைக்கச் சொன்னேன்க்கா. கேக்க வேணாம்னு சொல்லலை."

ஹெலன் அங்கேயே கடிதத்தை எழுதினார். கையெழுத்து மட்டும் போடவில்லை. பேரைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் பூங்கோதை சாவு வீட்டுக்குப் போனாள். செத்தவரின் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வாட்டி எங்க வீட்டுல டீ குடிச்ச. அப்பல்லாம் கேக்கத் தோணலையா?"

பிறகு அவளே பேரைச் சொன்னாள்.

பூங்கோதை திரும்பி வந்ததும் ஹெலன் அவளுடைய ஆய்வைப் பிரித்து முன்னால் வைத்தார். நம்பர் இருக்கிற இடத்தில் எல்லாம் பேரை வைத்துப் படிக்கச் சொன்னார்.

பூங்கோதை படித்தாள்.

"கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் படகு முதலாளிகள், கடலுக்குப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை என்று தேசப்பன் சொன்னார். மற்ற முப்பது பேரும் ஒத்துக்கொண்டதால் தேசப்பன்..."

நிறுத்திவிட்டாள்.

"படிங்கக்கா."

"தேசப்பன் சொன்னது கணக்கில் எடுக்கப்படாமல் விடப்பட்டது."

"அடுத்த வரி?"

அடுத்த வரியில், இரண்டு ஊரிலும் அமைதி திரும்பியிருந்தது.

ஹெலன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

பூங்கோதையின் கை நீளவில்லை.