தளவாய் போட்ட இரண்டு வளையம்

இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கே இதில் பல வருஷமாகச் சந்தேகம் உண்டு. அவனுக்கு இதைச் சொன்னவர், ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை ஊர்க்காரரான மாசிலாமணி. தன் ஊர் வயலுக்குத் தண்ணீர் வந்த கதை என்பதால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார். நெஞ்சு நிமிர்ந்தால் கதையும் ஒரு பிடி வளரும் அல்லவா? இருக்கட்டும், அவர் சொன்னபடியே கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டை வண்ணமுத்து வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கணக்கு வாசித்தால் குறட்டை விடுவான். ஒருநாள் பாதி வாசிப்பில் திடுக்கென்று விழித்து, "போதும்! என் நாட்டு விளைச்சல் முழுவதும் ஒரே பார்வையில் எனக்குத் தெரிய வேண்டும். யார் நன்றாகக் காட்டுகிறாரோ, தேனாற்று மதகு இந்த வருஷம் அவர் பொறுப்பு!" என்றான்.

அமைச்சர் நல்லகுற்றாலத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மதகு, படைத்தலைவரான தளவாய் எட்டிமுத்து கைக்குப் போய்விட்டால், ஆற்றின் தலைப்பிலுள்ள மேல்நாட்டில் இருக்கும் தளவாயின் நிலங்களே ஆறு முழுவதையும் குடித்துவிடும். கீழ்நாட்டு வயல்கள் வெடித்துக் கிடக்கும்.

மறுநாள் சபை நடுவே அமைச்சர் வண்ண அரிசியால் இரண்டு வளையம் போட்டார். ஒன்றைச் சுற்றி இன்னொன்று.

"மகாராஜா, உள்வளையத்தில் மேல்நாடு சிவப்பு, நடுநாடு மஞ்சள், கீழ்நாடு பச்சை. எவ்வளவு விளைந்ததோ அவ்வளவு பெரிய துண்டு. வெளிவளையத்தில் அந்தந்த நாட்டு ஊர்கள். தாயின் முந்தானைக்குள் பிள்ளைகள் நிற்பதுபோல, எந்த ஊரும் தன் நாட்டு எல்லையைத் தாண்டாது."

"நடுவில் ஏன் ஓட்டை? அரிசி தீர்ந்துவிட்டதா?"

"அது தாங்கள் நிற்க வேண்டிய இடம். அங்கே நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள்."

ராஜா ஒரே தாவாகத் தாவி நடுவில் நின்று சுற்றினான். "அட! பார்க்க உளுந்துவடை மாதிரி இருந்தாலும் நாடு முழுக்கத் தெரிகிறதே!"

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "ஊரைப் போட்டுக் காட்டுவது ஒரு வித்தையா? நான் வளர்ச்சியையே காட்டுகிறேன்!" என்று மீசையை முறுக்கினார்.

அடுத்த நாள் அவரும் இரண்டு வளையம் போட்டார். உள்ளே போன வருஷம், வெளியே இந்த வருஷம். மேல்நாட்டுத் துண்டு மட்டும் பளீரென்று மிளகாய்ச் சிவப்பு. மற்றதெல்லாம் வெறும் உமி.

"பாருங்கள் மகாராஜா! போன வருஷம் மேல்நாடு இத்தனூண்டு. இந்த வருஷம் என் ஆட்கள் வாய்க்காலைக் காத்தார்கள். சிவப்பு எப்படி நீண்டுவிட்டது!"

"இரண்டு மடங்கு!" ராஜா வாயைப் பிளந்தான். மதகுச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தேவிட்டான். சபை கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் அமைச்சர்.

"என்ன கைவண்ணம், தளவாயாரே! ஒரே ஒரு குறை. போன வருஷம் மூத்தது; அதற்குப் பெரிய இடம் தர வேண்டாமா? மூத்தது வெளியே, இளையது உள்ளே என்று இன்னொரு தரம் போடுங்களேன், கண்குளிரப் பார்ப்போம்."

புகழ்ச்சி தலைக்கேறிய தளவாய், "இதென்ன பிரமாதம்!" என்று உடனே மாற்றிப் போடவைத்தார்.

ராஜா குனிந்து பார்த்தான். முகம் கறுத்தது. "ஏனய்யா, இந்த வருஷம் பாதியாகச் சுருங்கிவிட்டதே! உம் ஆட்கள் வாய்க்காலைக் காத்தார்களா, குடித்தார்களா?"

தளவாய் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயோ மகாராஜா, சுருங்கவில்லை! போன வருஷம் நாட்டு விளைச்சலில் மேல்நாட்டுக்கு நாலில் ஒரு பங்கு. இந்த வருஷமும் அதே நாலில் ஒரு பங்கு. இம்மியும் மாறவில்லை! இடம்தான் மாறியிருக்கிறது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மகாராஜா," என்றார் அமைச்சர், "களத்தில் நெல் மிதிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டிப் பிணையல் ஓட்டும்போது வெளிமாடு அதிக தூரம் நடக்கிறது, உள்மாடு குறைவாக நடக்கிறது. அதற்காக வெளிமாடு கூடுதலாக ஒரு சுற்று சுற்றிவிட்டது என்று சொல்வோமா? வெளியே வைத்தால் எதுவும் நீளமாகத்தான் தெரியும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "தளவாயாரே, இந்த அறுவடைக்கு அரண்மனைக் களத்தில் வெளிமாட்டுக்குப் பக்கத்தில் நீரும் நடந்து வாரும். எவ்வளவு வளர்ந்தீர் என்று பிறகு அளப்போம்!" என்று சொல்லி, சாவியை அமைச்சர் கையில் வைத்தான்.

அந்த வருஷம் நல்லகுற்றாலம் முதல் தண்ணீர் முறையைக் கீழ்நாட்டுக் கடைமடைக்கே விட்டார். வெடித்த வயலில் தண்ணீர் ஏறியபோது கீழ்நாட்டார் வரப்பில் நின்று குலவையிட்டார்களாம். தன் கொள்ளுப்பாட்டனே அதில் ஒருவர் என்பார் மாசிலாமணி, ராஜாவைவிடக் கம்பீரமாக.

போன மாதம்தான், இத்தனை வருஷம் மனதில் கிடந்த கேள்வியைக் கதை சொல்கிறவன் அவரிடம் கேட்டான்:

"ஏன் மாசிலாமணி அண்ணே, அமைச்சர் புகழ்ந்தபோது தளவாய் அன்றைக்கு வாயைத் திறக்காமலே சாவியை வாங்கிக்கொண்டிருந்தால், உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்திருக்குமா?"