தொடுபட்டவன் கை

கபடி லீக்கில் வேண்டுமென்றே தோற்றது யார் என்று விசாரிக்க, எம்.எல்.ஏ. குணவழகன் தலைமையில் ஒரு குழு வந்தது. போன வருஷமும் இதே கூத்துதான். நாள் முழுக்கப் பேசியும் ஒன்றும் தேறாததால், கால் கடுக்க நின்ற நடுவர் செவத்தையா மீது எம்.எல்.ஏ. பாய்ந்தார்.

"சாட்சியே இல்ல. இப்பவே நீ ஆளைக் காட்டணும். இல்லேன்னா இனிமே விசில் ஊத முடியாது!"

செவத்தையா பெருமூச்சு விட்டார். "எங்க ஆட்டத்துல தொடுபட்டவன் தானே கையைத் தூக்கிட்டு வெளிய போயிடுவான் ஐயா. அப்படியே கேப்போம். தப்புப் பண்ணவங்க தூக்குங்கப்பா."

பழக்க தோஷத்தில், விசாரணைக்கு வந்து நின்ற ஆட்டக்காரர்களில் இரண்டு பேரின் கை எழுந்தது.

"பலே!" என்றார் எம்.எல்.ஏ.

"இன்னும் முடியலீங்க. மச்சான், மருமகன் பேர்ல இந்த லீக்குல அணி வச்சிருக்கிறவங்க குழுவுல இருந்தா, அவங்களும் தூக்கிடலாம்."

நெற்றி வியர்வையைத் துடைக்கப் பாதி தூரம் போயிருந்த எம்.எல்.ஏ.வின் கை, துடைக்காமலே கீழே இறங்கியது.