சம்பந்தி பந்தியில் ஓர் ஐஸ்கிரீம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகச் செக்கிங் பார்ப்பவள் மரகதமணி. துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் ஐம்பத்து நாலு வயதில், முப்பத்தொரு வயதுப் பெண்ணிடம் போய் ஐஸ்கிரீம் செய்யக் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

சர்க்கரை வியாதி வந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அண்ணன் மனைவியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு வருஷமாக எந்த விசேஷமானாலும், பாயச வாளி மரகதமணியின் இலையை நெருங்கும்போது நங்கையின் குரல் வரும்.

"அந்த எலைக்கு வேண்டாம். அவளுக்குச் சுகரு."

பரிமாறுகிறவன் தாண்டிப் போவான். பந்தியே திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் அண்ணன் தன்பாட்டுக்கு இரண்டாவது டம்ளர் பாயசம் வாங்கிக் குடிப்பான்.

அடுத்த மாதம் அண்ணன் மகளுக்கு உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தார்கள். அத்தைக்காரி முன் வரிசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த வரிசையில், அத்தனை பேர் பார்க்க, தானும் ஓர் இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு எழ வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்த முப்பத்தொரு வயது தில்ஷாத்திடம் வந்தாள்.

தில்ஷாத்துக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை. இன்சுலின் ஊசியோடு வளர்ந்தவள். பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டும்போது ஓரமாக நிற்க வைக்கப்பட்டவள். ஒரு நாள் ஓரத்தில் நிற்க மறுத்துவிட்டு, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளத் தொடங்கினாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சமையலறையில் நாலைந்து பேர் வந்து கற்றுக்கொள்கிறார்கள்.

பனீர், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், வறுத்த வேர்க்கடலை, கொக்கோ, சர்க்கரைக்குப் பதிலாகக் கொஞ்சம் சீனித்துளசிப் பொடி. எல்லாவற்றையும் வழவழவென்று அரைத்து ஃப்ரீஸரில் வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் எடுத்துக் கிளற வேண்டும். நாலு தரம் கிளறியாக வேண்டும், மூன்றோடு நிறுத்தினால் மணல் மாதிரி நறநறக்கும் என்றாள் தில்ஷாத்.

மரகதமணி நாலு தரம் கிளறினாள். ருசி அருமையாக வந்தது. ஆனால் ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் இருந்ததும் கருங்கல்லாகிவிட்டது. ஸ்பூன்தான் வளைந்தது.

"ஏனுங்க டீச்சர் இப்படிக் கல்லாப் போகுது?"

"சர்க்கரை இருந்தா தண்ணிய முழுசா உறைய விடாது. நம்ம கிட்ட அது இல்ல. வெளிய எடுத்து வெச்சு இருபது நிமிஷம் காத்திருக்கணும்."

"பந்தியில எவ காத்திருப்பா? நங்கை வாயை அடைக்கோணுமுங்க. கடை ஐஸ்கிரீமுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியக் கூடாது."

தில்ஷாத் அடுத்தவரின் கிண்ணத்தைக் கிளறிப் பார்க்கப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து மரகதமணி ஒரு டப்பாவோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறந்து நீட்டினாள். தில்ஷாத் ஸ்பூனை வைத்தாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவள் வாயில் வைக்கவே இல்லை. ஸ்பூனைக் கழுவப் போட்டாள்.

"எவ்வளவு போட்டீங்க?"

துணியில் ஓட்டை பிடிக்கிறவளின் ஓட்டையை இன்னொருத்தி பிடித்துவிட்டாள். மரகதமணி தரையைப் பார்த்தாள். கண்டென்ஸ்டு மில்க், அரை டின். முதலில் ஒரு ஸ்பூன்தான் போட்டாளாம். மிருதுவாக வரவர, கை தானாகப் போய்விட்டதாம்.

தில்ஷாத் டப்பாவை மூடி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"நல்லா வந்திருக்கு. உங்க நங்கைக்குக் குடுங்க."

மரகதமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பாடுபட்டு, தன்னால் சாப்பிட முடியாத ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

தில்ஷாத் அலமாரியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். ஒரு ஆள் சாப்பிடும் அளவுதான் கொள்ளும்.

"இதுல செய்ங்க."

நிச்சயத்தன்று மண்டபத்தில் சம்பந்தி பந்தி. ஊரில் மற்ற பந்திகளில் அவரவர் முடித்ததும் எழுந்து போகலாம். சம்பந்தி பந்தியில் அது நடக்காது. வரிசையில் ஒருத்தர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் மற்றவர்கள் எழக் கூடாது. எழுந்தால் இரண்டு வீட்டுக்கும் மரியாதை போய்விடும்.

வாளி வந்தது. நங்கையின் குரலும் தவறாமல் வந்தது. பரிமாறுகிறவன் தாண்டிப் போனான்.

மரகதமணி ஐஸ் கட்டி போட்ட பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து இலையின் மேல் வைத்தாள். உட்காரும்போதே வெளியே எடுத்திருக்க வேண்டும். மறந்துபோனேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.

ஸ்பூனால் தட்டினாள். டங்கென்றது.

வரிசை சாப்பிட்டு முடித்தது. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சம்பந்தியம்மாள் காய்ந்த கையை இலை மேலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டு தரம் கனைத்தார். அதே வரிசையில் இருந்த நங்கைக்கு எழவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"இதென்ன புள்ள வீம்பு? அத்தனை பேரும் காத்திருக்கறாங்க."

"உருகோணுமுங்க நங்கை. நான் ரெண்டு வருசம் காத்திருந்தனுங்க."

மரகதமணி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, அவசரமே படாமல் சாப்பிட்டாள். கடைசி இரண்டு வாய் மிச்சம் இருக்கும்போது, போதும் என்று மனசுக்குப் பட்டது. எழுந்தாள். வரிசையே எழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் தில்ஷாத்திடம் ஒன்று விடாமல் சொன்னாள். தில்ஷாத் கடலைத் தோலை ஊதிக்கொண்டே கேட்டாள். சிரித்தாள். ஆனால் பாதிக் கதைக்கு மேல் மரகதமணியின் குரலில் சந்தோஷம் இல்லை.

கை கழுவுகிற இடத்துக்கு அண்ணன் வந்தானாம். முன்னும் பின்னும் பார்த்தானாம். அந்தக் கிண்ணத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டானாம்.

"'எனக்கும் மூணு வருசமா சுகர் இருக்குது புள்ள, உன்ற நங்கைக்குத் தெரியாது'ன்னு சொல்றானுங்க டீச்சர். எனக்கு முன்னாடியே அவனுக்கு வந்துருச்சு. அதை வெச்சுக்கிட்டுத்தான் எம்பக்கத்துல உக்காந்து ரெண்டு டம்ளர் குடிச்சிருக்கறான்."

"குடுத்தீங்களா?"

"இல்லீங்க. அவன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே வழிச்சுத் தின்னுட்டனுங்க."

அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. பாசமும் விடவில்லை.

"அப்பறம் மனசு கேக்கலீங்க. ஒரு டப்பா செஞ்சு, நங்கைக்குத் தெரியாம, அவன் வீட்டுப் பின்பக்கமாக் கொண்டு போய்க் குடுக்கட்டுங்களா டீச்சர்?"

தில்ஷாத் கடலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"டப்பா எல்லாம் வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவரையே வரச் சொல்லுங்க. பனீரை வாங்கிக் கையில பிடிச்சுக்கிட்டு, தெரு வழியா நடந்து வரட்டும். என் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது."