மந்திரி வாங்கிய மாம்பழங்கள்

முன்னொரு காலத்தில், அரசருக்குக் காலையில் தோன்றிய ஆசை மாலைக்குள் சட்டமாகிவிடும் ஒரு நாடு இருந்தது. அடுத்த பௌர்ணமிக்கு வடநாட்டுத் தூதர் வருகிறார் என்றதும், அரண்மனைப் பிள்ளைகள் எல்லாரும் வடநாட்டு மொழி பேச வேண்டும் என்றார் அரசர். விகடகவி தில்லைநாயகத்தின் மேல் வெகுநாள் பொறாமை கொண்ட மந்திரி விசயராயர் அதற்கு ஒரு விதி சேர்த்தார்: பாட மண்டபத்துக்குள் தாய்மொழி பேசியவர் அப்போதே வெளியேற வேண்டும்.

முதல் நாளே வெளியேற்றப்பட்டவள் விகடகவியின் மகள் உமையாள்.

"விகடன் வீட்டில் ஒழுக்கம் அவ்வளவுதான்" என்று மந்திரி சபையிலேயே சொன்னார். மூன்று தலைமுறையாக அரண்மனை வாசலில் தலை நிமிர்ந்து நுழைந்த குடும்பம் அது. தில்லைநாயகம் வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா பேசினே?"

"வாத்தியார் மாம்பழத்தைக் காட்டி 'ஆம்'னார்ப்பா. எதுக்குச் சம்மதிக்கிறார்னு புரியலை. 'என்னங்கய்யா?'ன்னு கேட்டேன். அவங்க பாஷையில மாம்பழத்துக்குப் பேரே ஆம்தானாம். வெளியே வந்தப்புறம் காவக்காரர் சொன்னார். கேட்டது தப்பாப்பா?"

தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு தெரியாத சொல்லுக்குத் தாவப் பார்த்திருக்கிறாள். அது எப்படித் தப்பாகும்? தில்லைநாயகம் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்.

மறுநாள் அரசர் மண்டபத்தைப் பார்க்க வந்தார். விதியை மீறக் கூடாதென்று வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். பக்கத்தில் கூடையோடு தில்லைநாயகம். உள்ளே மந்திரி.

"மந்திரியாரே, பாடம் நன்றாக நடக்கிறதா?"

"ஆம், அரசே."

விகடகவி ஒரு மாம்பழத்தை எடுத்து மந்திரியின் கையில் வைத்தார்.

"பிள்ளைகள் தேறுகிறார்களா?"

"ஆம், ஆம்!"

இன்னும் இரண்டு பழம்.

"என்ன கோமாளித்தனம் இது?" என்று சீறினார் மந்திரி.

"கேட்டதைத்தானே கொடுத்தேன், ஐயா? மண்டபத்துக்குள் வடநாட்டு மொழி மட்டும்தான் என்பது தங்கள் விதி. அந்த மொழியில் ஆம் என்றால் மாம்பழம்."

"நான் சொன்னது நம்முடைய ஆம்!"

"அப்படியானால் தாங்கள் வெளியே வர வேண்டும்."

மந்திரி பழங்களோடு விழித்தார். அரசர் பிள்ளைகளிடம், "உங்களுக்கு ஆம் என்றால் என்ன?" என்று கேட்டார். "சம்மதம்!" என்றன எல்லாக் குரல்களும்.

"தூதர் பழம் வேண்டி 'ஆம்' என்றால், நாம் சொன்னதற்கெல்லாம் சம்மதித்துவிட்டார் என்றல்லவா நினைத்திருப்போம்! இன்று முதல் அவர்கள் சொல்லுக்கு நம் சொல்லில் பொருள் சொல்லிக்கொடுங்கள்" என்றார் அரசர். பிறகு மந்திரியின் கைகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே விரல் மோதிரத்தைக் கழற்றி விகடகவியிடம் நீட்டினார்.

தில்லைநாயகம் கை நீட்டவில்லை. "மோதிரம் வேண்டாம், அரசே. என் மகளை வெளியேற்றியவரே அழைத்து வரட்டும்."

"மந்திரியாரே, புறப்படுங்கள். என் பல்லக்கு வரும், அவளுக்கு. நீங்கள் நடந்து வாருங்கள்."

உமையாள் பல்லக்கிலிருந்து இறங்கியபோது, வாசலில் உட்கார்ந்து காத்திருந்த அரசர், பின்னால் நடந்து வந்த மந்திரியைப் பார்த்து வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவள் தலை குனியாமல் உள்ளே போனாள்.