அரியாண்டிக் கண்மாய்க்கு ஒரு இங்கிலீஷ் சொல்

குரு என்றால் தாடி இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? இந்தக் கதையில் குருவுக்கு இருபத்தேழு வயது. பெயர் ஜரீனா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில், வெளிநாடு போகிறவர்களை இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயார் செய்கிறவர். சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு. பெயர் சோணைமுத்து. அரியாண்டிக் கண்மாய் மீனவர் சங்கத்துச் செயலாளர்.

சேர வந்த அன்றைக்கு டீச்சர் கேட்டார்.

"எந்த நாட்டுக்குப் போறீங்கய்யா?"

"கலெக்டர் ஆபீசுக்குப் போறேன் டீச்சர்."

வகுப்பில் இருந்த நர்ஸ் பிள்ளைகள் சிரித்தார்கள். சோணைமுத்து சிரிக்கவில்லை. அவர் பாடு அப்படி. கண்மாய் தானாகவே தூர்ந்துவிட்டது, அதை நீர்நிலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு லாரி நிறுத்தம் கட்டலாம் என்று ஒரு கம்பெனி நாற்பது பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தது. அதன் பேரில் கலெக்டர் ஆபீசில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். கண்மாய் போனால் நூற்றுப்பன்னிரண்டு குடும்பம் வலையைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான். இங்கிலீஷில் அடித்தவனை இங்கிலீஷிலேயே திருப்பி அடிக்க வேண்டும் என்று அவருக்கு ரோஷம்.

அந்த மாதம் வகுப்பில், கிராஃபில் கீழே இறங்கும் கோடுகளை விவரிக்கும் சொற்கள் பற்றிய பாடம். டீச்சர் போர்டில் கோடு போட்டுக் காட்டினார்.

"மெல்ல மெல்ல இறங்கினா டிக்ளைன். தேஞ்சு தேஞ்சு கொஞ்சூண்டு ஆனா ட்விண்டில். தொப்புன்னு உக்காந்தா ஸ்லம்ப். கிணத்துல கல்லு விழுந்த மாதிரின்னா ப்ளம்மெட்."

டிக்ளைன் என்ற சொல்லைக் கேட்டதும் சோணைமுத்துவுக்குத் திக்கென்றது. அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். எப்படித் தெரியும் என்று யாரிடமும் சொல்லவில்லை. மற்றவற்றை நோட்டில் எழுதி நெட்டுருப் போட்டார். கண்மாய்க் கரையில் சைக்கிள் மிதித்தபடி "ப்ளம்மெட், ப்ளம்மெட்" என்று அவர் முனகியதைப் பார்த்து, செயலாளருக்கு ஏதோ காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

"டீச்சர், எங்க கண்மாய்க்கு எந்தச் சொல்லு சரியா வரும்? அடிவயித்துல குத்துற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"எழுதினதை வாசிங்க."

வாசித்தார். தண்ணீர் டிக்ளைன் ஆனது. மீன் ட்விண்டில் ஆனது. எங்கள் பிழைப்பு ப்ளம்மெட் ஆனது. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் வாசிக்க வாசிக்க டீச்சர் தன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு கையை நீட்டி, சோணைமுத்து இன்னும் வாய் வைக்காத டீயையும் எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"டீச்சர், அது என் டீ."

"ஆமா. அந்த டீக்கு என்ன ஆச்சுன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க."

சோணைமுத்து நோட்டைப் புரட்டினார்.

"ட்விண்டில்?"

"ம்."

"இல்லை, டிக்ளைனா?"

"நீங்கதான் சொல்லணும்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

"என்ன டீச்சர் விளையாடுறீங்க? டீ டிக்ளைனும் ஆகல, மண்ணாங்கட்டியும் ஆகல. நீங்க எடுத்துக் குடிச்சீங்க!"

டீச்சர் காலி கிளாஸை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"இப்ப கண்மாய்க்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

சோணைமுத்து காலி கிளாஸைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் மேல குவாரிக்காரர் ரோடு போட்டார். பிளாட் போட்டவர் தண்ணி உள்ள நுழையுற மடையை சிமெண்ட் வெச்சு அடைச்சார்."

"அதை ஏன் எழுதல?"

சோணைமுத்து பையிலிருந்து கம்பெனியின் அறிக்கையை எடுத்து முப்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினார். சங்கத்து ரிஜிஸ்டரின் நகல். பதினோரு வருடம், பதினோரு வரி. ஒவ்வொன்றிலும் 'ஃபிஷ் டிக்ளைன்ட்'. கீழே சோணைமுத்துவின் கையெழுத்து.

"வறட்சி நிவாரணம் கேட்டு வருஷா வருஷம் எழுதுவோம் டீச்சர். காரணம் போட்டா ஃபைல் நகராதும்பாங்க. இந்த ஒத்தைச் சொல்லை ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. நானும் எழுதிக்கிட்டே வந்தேன். இப்ப என் கையெழுத்தை வெச்சே என்னை மடக்குறான். நீயே எழுதிட்டு இப்ப மாத்திப் பேசுறியான்னு கேட்டா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்க?"

அவர் கண் கலங்கியிருந்தது. டீச்சர் அறிக்கையை மூடி வைத்தார்.

"டீயைக் குடிச்சது நான்னு படக்குனு சொன்னீங்களே. நான் உங்க டீச்சராச்சே, பயமா இல்லையா?"

"என் டீயாச்சே, எதுக்குப் பயப்படணும்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. நோட்டில் சொற்கள் எழுதியிருந்த பக்கத்தைச் சர்ரென்று கிழித்தார். புதுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் வாசித்த இங்கிலீஷில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. இன்னார் வரத்துக்காலை மூடினார். இன்னார் மடையை அடைத்தார். பெயர், வருடம், இடம், அவ்வளவுதான். கம்பெனிக்காரர் ரிஜிஸ்டர் நகலைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான் சார்."

"அப்ப பதினோரு வருஷமா எழுதினது பொய்யா?"

"கடைசி வரிய இன்னும் வாசிக்கல சார்" என்றார் சோணைமுத்து. வாசித்தார். "சோணைமுத்து இந்த இரண்டு காரியத்தையும் கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டு டிக்ளைன்ட் என்று எழுதினான்."

கூட்டத்தை நடத்திய அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை மடையை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். படி இறங்கும்போது, கேஸ் போட்டு உள்ளே வைப்பேன் என்று குவாரிக்காரரின் ஆள் மிரட்டினான். "போடுங்க. அங்கயும் இதைத்தான் வாசிப்பேன்" என்றார் சோணைமுத்து.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு மூன்று டீயோடு வந்தார். இரண்டை டீச்சர் முன்னால் வைத்துவிட்டு ஒன்றைத் தன் பக்கம் பத்திரமாக இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு என்ன பாடம் டீச்சர்?"

"கோடு மேல ஏறுறதுக்கு உள்ள சொல்லு."

அவர் பரபரவென்று பேனாவைத் திறந்தார்.

"கண்மாய் நிறையுறதுக்கு எது சரியா வரும்?"

டீச்சர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"மம்மட்டி எடுத்துக்கிட்டு யார் யார் வர்றாங்கய்யா? முதல்ல அந்தப் பேரை எல்லாம் எழுதுங்க."