சென்னியப்பன் போட்ட மார்க்

காந்திபுரத்தில் யசோதா என்று ஒரு குரு இருந்தார். தாடி, காவி, ஆசிரமம் எதுவும் கிடையாது. செருப்புக்கடை மாடியில் ஒரு ரூம். பாட்டுக் கேட்கவும் போன் பேசவும் காதில் மாட்டுகிற கருவிகளைச் சோதித்துப் பார்த்து, எதை வாங்கலாம், எது தண்டம் என்று யூடியூபில் சொல்லுவார். பொய் சொல்ல மாட்டார். அதனால் கம்பெனிக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் அங்கே கேமரா பிடிக்கிறவன்.

சீடர் சென்னியப்பன். குருவைவிட ரொம்ப மூத்தவர். மில்லில் நூலின் தரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொள்ள வந்தார். நல்ல காது. ஆனால் மூக்கு நுனியில் கோபம்.

அன்றைக்கு வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். சோதனைக்குக் கொடுத்திருந்த இயர்பட்ஸை மேசையில் ‘டொக்’கென்று வைத்தார்.

“சொல்லுங்கண்ணா,” என்றார் குரு.

“பாட்டு அருமைங்க. வீணைக் கம்பிய விரல் தொடறதுகூடத் தெரியுது. பேஸ் அளவா இருக்குது. காது வலிக்கல. வண்டியில போறப்பவும் கழண்டு விழல. போன் பேசறதுக்குப் பத்துக்கு ஒம்போது போட்டிருக்கறனுங்க.”

“அப்புறம் மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?”

“அது என் சொந்தக் கதைங்க.”

“சொந்தக் கதைக்கு என் மேசைய எதுக்கு ஒடைக்கறீங்க? சொல்லுங்க.”

கொட்டித் தீர்த்துவிட்டார். மகள் தாமரைச்செல்வி இவர் பேச்சை மீறி, பிடித்தவனைக் கட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போய் இரண்டு வருஷம். போன வாரம்தான் இவர் மனசு இறங்கி, தானாகவே கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு விருந்துக்கு வா என்றிருக்கிறார். மனைவி இல்லாத வீடு. இவரே கறி எடுத்து வந்து சமைத்து, வாழையிலை நறுக்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்திருக்கிறார். யாரும் வரவில்லை.

“வர்றேன்னு சொன்னாளா?”

“‘சரிப்பா, சரிப்பா, அப்புறம் பேசறேன்’னாளுங்க. நடுவுல, சரியாக் கேக்கலப்பான்னு ஒரு நடிப்பு வேற. அவ பேசறது எனக்குப் பக்கத்துல நின்னு பேசற மாதிரிக் கேக்குது, எம்பேச்சு மட்டும் அவளுக்குக் கேக்காதாக்கும். அப்பன் எறங்கி வந்தா அவ்வளவு எளக்காரம். போதுமுங்க. எனக்குப் பொண்ணே இல்லைன்னு மெசேஜ் அடிச்சு வெச்சிருக்கறன். அனுப்பிட்டுத்தான் மறு வேலை.”

போனை எடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கு அந்த ஒரு பிள்ளைதான். போனைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

“எங்கிருந்து பேசினீங்க?” என்றார் குரு.

“வண்டியில போய்க்கிட்டே. தினப்படி போட்டுப் பாருங்கன்னு நீங்கதானுங்களே கொடுத்தீங்க?”

“இத மாட்டிக்கிட்டா?”

“ஆமாங்க. அவ மூச்சு வுட்டது மொதக்கொண்டு கேட்டுச்சு. அதனாலதான் ஒம்போது.”

குருவின் முகம் சிவந்துவிட்டது. அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் குரல் ஏறவில்லை. இயர்பட்ஸைத் தன் போனில் இணைத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

“நான் கூப்பிடறேன், எடுங்க. பேசி முடிக்கற வரைக்கும் மெசேஜ் போகக் கூடாது.”

சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே ஸ்கூட்டர் கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பனின் போன் அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒரே காற்று. பஸ் ஹாரன். நடுவில் குருவின் குரல் துண்டு துண்டாக வந்து அறுந்தது.

“மேடம், சரியாக் கேக்கலைங்க.”

அந்தப் பக்கம் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். சென்னியப்பனுக்கு எரிச்சல் ஏறியது.

“சரிங்க, சரிங்க. அப்புறம் பேசிக்கலாமுங்க,” என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குரு மேலே வந்தார். இயர்பட்ஸைக் கழற்றினார்.

“நான் என்ன சொன்னேன்?”

“தெரியலைங்க.”

“அப்ப எதுக்குச் சரின்னீங்க?”

“வேற என்னங்க சொல்றது? ஒண்ணும் வெளங்கல. மரியாதைக்குச் சொன்னனுங்க.”

“நீங்க பேசினது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நானும் ஒம்போது போடட்டுமா?”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அடித்து வைத்திருந்த மெசேஜை அழித்தார்.

“இப்பவே கூப்பிட்டுப் பேசிடறேன் மேடம்,” என்றார். அப்புறம் தயங்கி, “கீழ போய் அப்படி என்னதானுங்க சொன்னீங்க?” என்று கேட்டார்.

“மறுபடி போன்ல கூப்பிடாதீங்க, இன்னிக்கே ஈரோட்டுக்குப் பஸ் ஏறி, அவ வீட்டு வாசல்ல நின்னு சொல்லுங்கன்னு சொன்னேன்,” என்றார் குரு. “நீங்க சரின்னுட்டீங்க. கெளம்புங்க.”